தவழ்ந்த பேராசிரியர்: பக்கவாதம் வந்த ஓர் அப்பா, இரண்டு மகன்கள், ஒரு நீண்ட த்ரெட்

1/
பக்கவாத வார்டில் ரவுண்ட்ஸ் முடித்து நகரும்போது நோயாளியின் மகனோ மகளோ பின்னாலேயே வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், அப்பா பழையபடி நடப்பாரா?" கொஞ்சம் தயங்கி அடுத்ததும் வரும். "நாங்க என்ன பண்ணணும்?"

2/
முதல் கேள்விக்கு முதல் வாரத்திலேயே அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கு. அந்தப் பதில் மருத்துவத்துக்குக் கிடைக்க ரொம்ப காலம் ஆச்சு. அதில் ஒரு பகுதியைச் சொல்லிக் கொடுத்தது ஒரு மருத்துவ மாணவன், தன் அப்பாவைத் தரையில் இறக்கிவிட்டு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/
முதலில் பழைய கதை. ஹிப்போகிரட்டிஸ் காலத்து கிரேக்க மருத்துவர்கள் இந்த நோயை "அப்போப்ளெக்சி" என்றார்கள். அடித்து வீழ்த்தப்படுவது என்று பொருள். நம்ம ஊரில் "வாதம் அடிச்சிருச்சு" என்கிறோமே, கிட்டத்தட்ட அதே. பலமாக அடித்தால் குணமாகாது, லேசாக அடித்தாலும் குணமாவது எளிதில்லை என்பதுதான் அவர்கள் கணிப்பு.

4/
ஏன் அடிக்கிறது என்று தெரிய இரண்டாயிரம் ஆண்டு ஆனது. 1658-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்து எழுதினார்: மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அல்லது மூளைக்கு ரத்தம் போகும் வழி தடைபட்டிருக்கிறது. இன்று நாங்கள் கேஸ் ஷீட்டில் "ஹெமரேஜ்", "இன்ஃபார்க்ட்" என்று எழுதுவதன் வேர் அங்கே இருக்கு.

5/
காரணம் தெரிந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. நரம்பியலின் தந்தைகளில் ஒருவரான ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் (1906 நோபல்), வளர்ந்தவர்களின் மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துப்போனவை, செத்தது மறுபடி முளைக்காது என்று எழுதினார். வருங்கால அறிவியல் முடிந்தால் இதை மாற்றட்டும் என்றும் சேர்த்தே எழுதினார். முதல் பாதியைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது.

6/
அதன் விளைவு ரொம்ப நடைமுறையானது. மூளை மாறாது என்றால் பயிற்சி எதுக்கு? சில வாரம் பாருங்க, வர்றது வரும், மிச்சத்தோடு வாழப் பழகிக்கோங்க. 20-ஆம் நூற்றாண்டின் பாதி வரை பெரும்பாலான இடங்களில் பக்கவாத நோயாளிக்குக் கிடைத்தது இதுதான்.

7/
இப்ப 1959. பெட்ரோ பாக்-இ-ரீட்டா. ஸ்பெயினின் கத்தலோனியாவைச் சேர்ந்த கவிஞர், அறிஞர். நியூயார்க் சிட்டி காலேஜில் பேராசிரியர். மனைவியை இழந்தவர். வயது 65. ஒரு நாள் பக்கவாதம் தாக்குகிறது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க சொற்களோடு வாழ்ந்த மனிதர்.

8/
அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பால், மருத்துவம் படித்து ஆராய்ச்சியில் இருந்தவர். இளையவர் ஜார்ஜ், மெக்ஸிகோவில் மருத்துவ மாணவர். அப்பா இனி தேறுவது கஷ்டம் என்ற நிலையில் ஜார்ஜ் அவரை மெக்ஸிகோவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மருத்துவமனையில் வழக்கமான நான்கு வாரப் பயிற்சி நடந்தது. அதுக்கு மேல் பலன் இருக்காது என்பது அன்றைய கணக்கு.

9/
நான்கு வாரம் முடிந்தது. பெட்ரோவால் தானாக எதுவும் செய்ய முடியவில்லை. கழிப்பறையில் உட்கார வைக்கவும் எழுப்பவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும். நம்ம வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் எத்தனையோ அப்பாக்களின் நிலை. வீட்டுக்கு வந்தாச்சு, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது.

10/
ஜார்ஜுக்கு மறுவாழ்வு மருத்துவம் பற்றி எதுவும் தெரியாது. அதனால்தான் அதன் விதிகளும் தெரியாது. அவர் நேராக யோசித்தார். குழந்தை எடுத்த எடுப்பில் நடக்கிறதா? தவழ்ந்து, முட்டி போட்டு, பிடித்து நின்று, பிறகுதானே நடக்கிறது? அப்பாவும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

11/
முட்டிக்குப் பட்டை கட்டி அப்பாவைத் தரையில் இறக்கினார். முதலில் பலமில்லாத பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தவழ்ந்தார். சுவரை ஒட்டித் தவழ்வது மாதக்கணக்கில் நடந்தது. பிறகு தோட்டத்தில். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். ஒரு பேராசிரியரை இப்படி நாய் மாதிரி தவழ விடலாமா என்று பேச்சு வந்தது.

12/
இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். நம்ம ஊரிலும் இதே பேச்சு உண்டு. "பெரிய மனுஷரை ஏம்ப்பா படுத்துறீங்க, நிம்மதியா படுக்க விடுங்க" என்று பார்க்க வரும் சொந்தக்காரர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு மடிந்துபோன பயிற்சிகள் நிறைய.

13/
ஜார்ஜ் விளையாட்டையே பயிற்சியாக்கினார். தரையில் கோலிக்குண்டை உருட்டிவிடுவார், அப்பா பலமில்லாத கையை நீட்டிப் பிடிக்கணும். வீட்டு வேலையும் பயிற்சியானது. நல்ல கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, விழுந்த கையால் சுற்றிச் சுற்றித் தேய்க்கணும். 15 நிமிடம் ஒரு பக்கமாக, 15 நிமிடம் எதிர்ப்பக்கமாக.

14/
தவழ்ந்தவர் முட்டியில் நகர்ந்தார், பிறகு நின்றார், பிறகு நடந்தார். ஒவ்வொரு படிக்கும் மாதங்கள் ஆயின. பேச்சு மூன்று மாதம் போல ஆன பிறகு மெல்ல எட்டிப் பார்த்தது. எழுதும் ஆசை வந்தபோது டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, விரலை ஓர் எழுத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, முழுக் கையையும் பொத்தென்று போடுவார். அப்புறம் மணிக்கட்டு மட்டும். அப்புறம் விரல்கள், ஒவ்வொன்றாக.

15/
சில ஆண்டுகளில் பெட்ரோ சிட்டி காலேஜில் மறுபடி முழுநேரம் பாடம் நடத்தினார். 70 வயதில் ஓய்வுபெற்றார். மறுமணம் செய்துகொண்டார், பயணம் போனார், மலையேறினார். 72-வது வயதில் கொலம்பியாவில் சுமார் 9,000 அடி உயர மலையில் மாரடைப்பு வந்து, அதிலேயே காலமானார். பக்கவாதம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

16/
கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு போயிருக்கும். வரலாறு ஆனது இதற்குப் பிறகு நடந்ததால்.

17/
1959-ல் சி.டி. ஸ்கேன் கிடையாது. முதல் நோயாளிக்கு மூளை சி.டி. எடுத்ததே 1971 அக்டோபரில், லண்டனில். அதனால் பெட்ரோவின் மூளையில் எவ்வளவு சேதம் என்று அவர் உயிரோடு இருந்தபோது யாருக்கும் தெரியாது. ஒருவேளை சின்ன அடைப்பாக இருந்திருக்கும், அதான் தேறிட்டார் என்று நினைக்க இடமிருந்தது.

18/
மகன் பால் பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். மேரி ஜேன் அகிலார் என்ற மருத்துவர் மூளையை ஆராய்ந்தார். மூளைத்தண்டில் பெரிய சேதம். மூளையின் மேற்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி கை காலை இயக்கும் நரம்பிழைகளில் 97 சதவீதம் அழிந்துபோயிருந்தன. அந்த ஏழு ஆண்டுகளில் அந்த இடம் ஆறவே இல்லை.

19/
யோசித்துப் பாருங்க. ரோடு 97 சதவீதம் போய்விட்டது. போன ரோடு திரும்ப வரவில்லை. ஆனாலும் வண்டி ஊர் போய்ச் சேர்ந்திருக்கு. அப்படியென்றால் மூளை மிச்சமிருந்த சந்துகளையும் வேறு வழிகளையும் வைத்துப் போக்குவரத்தை மாற்றி அமைத்திருக்கிறது. தினமும் செய்த அந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான் அந்தச் சந்துகளை அகலமாக்கின என்பது பாலின் முடிவு.

20/
பால் ஏற்கெனவே இந்தத் திசையில் யோசித்தவர்தான். 1969-ல் நேச்சர் இதழில் வந்த அவரது ஆய்வு பிரபலம்: கேமரா பார்ப்பதை, நாற்காலியின் முதுகுப் பகுதியில் பொருத்திய 400 அதிர்வுமுனைகள் வழியாக பார்வையற்றவர்களுக்கு உணரவைத்தார். தோல் வழியே போன தகவலை வைத்து எதிரே இருப்பது என்ன என்று அவர்களால் அறிய முடிந்தது. அப்பாவின் மூளை காட்டிய உண்மைக்குப் பிறகு அவர் மறுவாழ்வு மருத்துவத்துக்கே திரும்பினார். 2006-ல் மறையும் வரை அதுதான் அவர் வேலை. ஒரு மகன் அப்பாவைத் தேற்றினார், இன்னொரு மகன் ஏன் தேறினார் என்று கண்டுபிடிக்க உழைத்தார்.

21/
ஒரே ஒரு கேஸை வைத்து மருத்துவம் முடிவு எடுக்கக் கூடாது. எடுக்கவும் இல்லை. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் குரங்குகளில் ஒன்றைக் கவனித்தார். விழுந்த கையைப் பயன்படுத்த முயன்று தோற்றுத் தோற்று, அந்தக் கை இருப்பதையே விலங்கு மறந்துவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டால், வேறு வழியில்லாமல் விழுந்த கை வேலைக்கு வருகிறது.

22/
இதை மனிதர்களிடம் சோதித்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. 222 நோயாளிகள், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கைக்குக் கடுமையான பயிற்சி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. நான்கு வாரத்தில் கதவு மூடிவிடும் என்ற பழைய கணக்கு உடைந்தது. ஒரு குறிப்பு: விரலையும் மணிக்கட்டையும் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்களுக்கான முறை இது. வீட்டில் நீங்களாக அப்பாவின் நல்ல கையைக் கட்டிவைக்காதீங்க.

23/
இப்ப, இந்தக் கதையை ஃபார்வர்ட் செய்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி. "பாத்தியா, அந்தப் பையன் அப்பாவை எப்படி நடக்க வச்சான். நீ சரியா பாக்கல" என்று ஒரு மகனிடமோ, பெரும்பாலும் மகளிடமோ மருமகளிடமோ சொல்வதற்கு இந்தக் கதை பயன்பட்டால் அது பெரிய அநியாயம். ஏன் என்று மூன்று ஆய்வுகளைக் காட்டிச் சொல்கிறேன்.

24/
ஒன்று. 2015-ல் லான்செட் இதழில் வந்த அவெர்ட் ஆய்வு. ஐந்து நாடுகள், 2,104 நோயாளிகள். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி அதிகமாக நிற்க நடக்க வைத்தால் சீக்கிரம் தேறுவார்களா? எதிர்பார்ப்பு ஆமாம். முடிவு தலைகீழ். மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 50 சதவீதம், தீவிரமாக எழுப்பிய குழுவில் 46 சதவீதம். முதல் நாளே அவசரப்படுவது உதவாது. எப்போது, எவ்வளவு என்பது முக்கியம். அதைச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

25/
இரண்டு. இது நம்ம நாட்டு ஆய்வு. பெயர் அட்டெண்ட், 2017, லான்செட். இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். நம்மிடம் பிசியோதெரபிஸ்ட்கள் குறைவு, குடும்பம் நிறைய இருக்கு. குடும்பத்தில் ஒருவருக்கு வார்டிலேயே சில நாள் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரையே செய்யச் சொன்னால் என்ன? அருமையான கேள்வி.

26/
ஆறு மாதம் கழித்து: இறந்தவர்கள் அல்லது அடுத்தவரைச் சார்ந்திருந்தவர்கள் இரு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசம் இல்லை. குடும்பத்தினர் பாசம் காட்டவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தினமும் ஒரு மணி நேரம் போல, சில நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு தெரபிஸ்ட்டின் வேலையை அவர்கள் தலையில் வைக்க முடியாது என்றுதான் அர்த்தம்.

27/
மூன்றாவது நல்ல செய்தி. நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் 220 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1991-ல் வெளியானது. பக்கவாதத்துக்கென்றே தனி வார்டு. டாக்டர், செவிலியர், பிசியோ எல்லாரும் ஒரே அணி. பொது வார்டில் இருந்தவர்களைவிட இறப்பு குறைந்தது, வீடு திரும்பியவர்கள் அதிகரித்தார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்லின. விசேஷ மருந்து எதுவும் இல்லை. ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்த ஓர் அணி, அவ்வளவுதான்.

28/
அந்த அணியில் அட்டெண்டரும் ஒருவர் என்பது என் கருத்து. தனி ஆளாக அணியே அவர்தான் என்று விட்டுவிடுவதுதான் தப்பு. ஜார்ஜுக்கு மருத்துவப் படிப்பும் நேரமும் இருந்தன. தினக்கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத மகனிடம் அதே பலனைக் கேட்கக் கூடாது.

29/
வேலையைப் பகிர்ந்துகொள்வதற்கும் வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. ஹாலிவுட் நடிகை பட்ரிஷியா நீல். 1965 பிப்ரவரியில் 39 வயதில், கர்ப்பமாக இருந்தபோது, மூளையில் ரத்தக்கசிவு. நடையும் பேச்சும் போயின. கணவர் எழுத்தாளர் ரோல்ட் டால். இங்கிலாந்தில் அவர்கள் ஊர்க்காரர்களும் நண்பர்களும் முறை வைத்துக்கொண்டு தினமும் சில மணி நேரம் வந்து அவரோடு பேசினார்கள், படிக்கவைத்தார்கள், விளையாடினார்கள். அதை முன்னின்று நடத்திய வேலரி ஈட்டன் கிரிஃபித் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்மணி, தெரபிஸ்ட் அல்ல. 1968-ல் நீல் மறுபடி நடித்தார், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

30/
ஆக, வரலாறு சொல்வதை ஒரே வரியில்: மூளை மாறும், ஆனால் மெதுவாக, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால், பலர் சேர்ந்து தாங்கினால். இனி வார்டுக்கு வருவோம். அப்பா பெட்டில் இருக்கார், நீங்க ஸ்டூலில் இருக்கீங்க. என்ன செய்யலாம்?

31/
வாய் வழியா எதுவும் கொடுக்கும் முன் கேளுங்க. விழுங்கும் தசையும் விழுந்திருக்கலாம். ஆசையாக ஊற்றும் இளநீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மூக்கு ட்யூப் போட்டிருந்தால் தலையை உயர்த்தி வைத்துத்தான் கஞ்சி ஊற்றணும். முடித்தவுடன் படுக்க வைக்காதீங்க, அரை மணி நேரமாவது போகட்டும்.

32/
விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க. தோள் மூட்டு இறங்கி, அந்த வலியே பிறகு பயிற்சிக்கு எதிரியாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்க, படுக்கைப் புண் வராது. எப்படிப் புரட்டணும்னு சிஸ்டர்கிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

33/
பிசியோ வரும்போது டீ குடிக்கப் போயிடாதீங்க. பக்கத்தில் நின்று பாருங்க, செய்யும்போது போனில் வீடியோ எடுத்துக்கலாமான்னு கேளுங்க. எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எப்போது நிறுத்தணும் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்க. டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டு எவ்வளவு முக்கியமோ அந்தச் சீட்டும் அவ்வளவு முக்கியம்.

34/
வீட்டில் வேலையையே பயிற்சியாக்குங்க. பட்டாணி உரிப்பது, துண்டு மடிப்பது, சட்டைப் பட்டன் போடுவது. பேச்சு வராதவருக்குப் புத்தி போய்விட்டது என்று நினைக்காதீங்க. அவர் முன்னாலேயே "இனி இவ்ளோதான்" என்று பேசாதீங்க. சொல்ல வராவிட்டாலும் நிறைய பேருக்குப் புரியும்.

35/
அப்பா எப்பவும் அழுகிறார், எதிலும் ஒட்டவில்லை என்றால் "தைரியமா இருங்கப்பா" என்று மட்டும் சொல்லி விட்டுடாதீங்க. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. ரிவ்யூ வரும்போது சொல்லுங்க.

36/
தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி இருக்கு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்க. இது உங்கள் உரிமை, யார் தயவும் இல்லை.

37/
பிபி, சுகர் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அடுத்த அடி வராமல் காப்பது அவைதான். மறுபடி வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ புறா ரத்தம் தேய்க்க ஓடாதீங்க. நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்க. அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகுதான். சீக்கிரம் வந்தால் அவ்வளவு மூளை மிச்சம்.

38/
கடைசியா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. ராத்திரி முறையை அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிரிச்சுக்கோங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில அப்பாக்கள் நடக்க மாட்டாங்க. சேதம் எங்கே, எவ்வளவு, வயது, கூட இருக்கும் நோய்கள் என்று நம் கையில் இல்லாதவை பல. அவர் நடக்கவில்லை என்பதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக யாரும் காட்ட விடாதீங்க. புண் இல்லாத முதுகும், சுத்தமான உடுப்பும், பக்கத்தில் பேச ஓர் ஆளும் இருக்கும் அப்பா நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட அப்பா.

39/
உங்கள் வீட்டிலோ தெருவிலோ பக்கவாதத்தில் படுத்திருப்பவர் இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு இதை அனுப்புங்க. அனுப்பியதோடு நிற்காமல் வாரத்தில் ஒரு மதியம் நீங்க போய் உட்கார்ந்து, அவரைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க. கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்க, டியூட்டி முடிந்ததும் பதில் எழுதுகிறேன்.